வானத்தில் பள்ளம் உண்டா? பெரிய ஜெட் விமானங்களின் எஞ்சினும் காற்றுக் குலுக்கலும்

உம்ராவுக்குப் புறப்படும் குழுவினருக்கு நம் மஹல்லாவில் வழிகாட்டும் வகுப்பு நடத்துவது வழக்கம். இஹ்ராம், தவாஃப், ஸயீ என்று விளக்கி முடித்ததும் கேள்வி நேரம் வரும். சென்ற முறை எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா எழுந்தார். மஸாயில் எதையும் அவர் கேட்கவில்லை. "ஹஜ்ரத், பிளேனு போறப்ப வானத்துல பள்ளம் வருமாமே, அதுல பொத்துனு உளுந்துடுமாமே, மெய்தானா?" என்றார். மகன் பணம் கட்டிவிட்டார், விசாவும் வந்துவிட்டது. யாரோ கைப்பேசியில் காட்டிய ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு அந்த அம்மா பத்து நாளாகச் சரியாகத் தூங்கவில்லை, வரவே மாட்டேன் என்கிறார் என்று மகன் வருத்தப்பட்டார்.

நாம் கலைப் பிரிவில் பட்டம் வாங்கிய மவ்லவி. விமானப் பொறியியல் நம் துறையன்று. ஆனாலும் இந்தக் கேள்விக்கு "பயப்படாதீங்கம்மா" என்று மட்டும் சொல்லி அனுப்புவது நியாயமாகப் படவில்லை. படித்தும் கேட்டும் அறிந்துகொண்டதை, வயதான பெற்றோரை விமானத்தில் அனுப்பும் எல்லாக் குடும்பங்களுக்கும் பயன்படும்படி இங்கே எழுதுகிறோம்.

கப்பலிலிருந்து ஜெட் விமானத்துக்கு

நம் பாட்டனார் காலத்தில் ஹஜ் என்றால் ரயிலேறி பம்பாய் போய், அங்கிருந்து கப்பலில் ஜித்தா. இந்தியாவிலிருந்து கடல் வழி ஹஜ் பயணம் 1995இல் நின்றுபோனது. இன்று நம் ஊரிலிருந்து செஞ்சி, திண்டிவனம் வழியாகச் சென்னை விமான நிலையத்துக்குப் போகும் நேரத்தையும், அங்கே வரிசையில் காத்திருக்கும் நேரத்தையும் கூட்டினால், சென்னையிலிருந்து ஜித்தா வரை நேராகப் பறக்கும் நேரத்தைக் கிட்டத்தட்ட எட்டிவிடும்.

உலகின் முதல் ஜெட் பயணிகள் விமானம் பிரிட்டனின் டி ஹாவிலண்ட் காமெட். 1952 மே 2 அன்று லண்டனிலிருந்து ஜோஹன்னஸ்பர்க்குக்குப் பயணிகளை ஏற்றிச் சென்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் கொழும்புக்கும் வரத் தொடங்கியது. சரியாக ஓராண்டு கழித்து, 1953 மே 2 அன்று, சிங்கப்பூரிலிருந்து லண்டன் செல்லும் வழியில் கல்கத்தா டம்டம் நிலையத்திலிருந்து டில்லிக்குக் கிளம்பிய ஒரு காமெட் சில நிமிடங்களில் புயல் மேகத்தில் சிக்கி வானிலேயே உடைந்தது. அதிலிருந்த 43 பேரும் இறந்தனர். வங்கத்தில் கோடைக்காலத்து மாலைகளில் திடீரென்று எழும் இடிப்புயலைக் 'கால்பைசாகி' என்பார்கள். அப்படிப்பட்ட இடிப்புயல் ஒன்றுதான் அது. கடுமையான காற்று வீச்சோ, அதைச் சமாளிக்க விமானி கட்டுப்பாட்டுக் கோலை அளவுக்கு மீறி இழுத்ததோ விமானத்தின் உடலை உடைத்திருக்க வேண்டும் என்று இந்தியாவில் நடந்த விசாரணை முடிவு சொன்னது.

குலுக்கல் விமானத்தை உடைத்த கதையை முதலிலேயே சொல்லிப் பயமுறுத்துவதாக நினைக்க வேண்டாம். பின்னால் சொல்லப் போகும் பாதுகாப்பு ஏற்பாடுகளில் பல அந்த நாளிலிருந்தே தொடங்குகின்றன. காமெட்டில் எந்திர விசையால் கட்டுப்பாட்டுக் கோல் எளிதாக அசைந்தது. எவ்வளவு பலமாக இழுக்கிறோம் என்பதே விமானியின் கைக்குத் தெரியாது. அதன்பிறகு வேகத்துக்கு ஏற்பக் கோலில் எதிர்ப்பு தெரியும்படி அமைத்தார்கள். விமானத்தின் மூக்கில் வானிலை ரேடார் வைத்தார்கள். கொந்தளிப்பான காற்றில் இந்த வேகத்தைத் தாண்டக் கூடாது என்று கடுமையான வரம்பு விதித்தார்கள். இம்மூன்றும் இன்று ஒவ்வொரு பெரிய விமானத்திலும் இருக்கின்றன.

ஏர் இந்தியா 1960இல் போயிங் 707 விமானங்களுடன் ஜெட் யுகத்துக்குள் நுழைந்தது. 1971இல் ஜம்போ எனப்படும் 747 வந்தது. அதன் பெயர் 'எம்பரர் அசோகா'.

எஞ்சினுக்குள் என்ன நடக்கிறது?

பலூனை ஊதி, முடிச்சுப் போடாமல் விட்டால் காற்று ஒரு பக்கம் போகும், பலூன் மறுபக்கம் பாயும். ஜெட் எஞ்சினின் அடிப்படை அவ்வளவுதான். முன்புறம் காற்றை உறிஞ்சி, அடுக்கடுக்கான சுழலும் பிளேடுகளால் அதை அழுத்தி, எரிபொருளைத் தெளித்துக் கொளுத்தி, விரிந்த சூடான வாயுவைப் பின்னால் தள்ளுவது. வெளியேறும் வாயு போகிற போக்கில் டர்பைன் என்னும் சக்கரத்தைச் சுழற்றிவிட்டுப் போகும். அந்தச் சக்கரம்தான் தண்டு வழியாக முன்னாலிருக்கும் அழுத்தும் பிளேடுகளைச் சுழற்றுகிறது. இந்த அமைப்புக்கு 1930இல் ஃபிராங்க் விட்டில் என்ற பிரிட்டன் விமானப்படை அதிகாரி காப்புரிமை கேட்டார். ஆனால் ஜெட் எஞ்சினால் பறந்த முதல் விமானம் ஜெர்மனியின் ஹைன்கல் 178. அது பறந்த ஆண்டு 1939.

பழைய எஞ்சின்கள் உறிஞ்சிய காற்று முழுவதையும் எரித்து மிக வேகமாக வெளியே தள்ளின. காது கிழியும் சத்தம், எரிபொருள் செலவும் அதிகம். இன்றைய எஞ்சினின் முகப்பில் பெரிய விசிறி ஒன்று இருக்கிறது. அது இழுக்கும் காற்றில் சிறு பகுதிதான் நடுவிலுள்ள எரியும் பகுதிக்குள் போகிறது. மிச்சமெல்லாம் அந்தப் பகுதியைச் சுற்றி, எரியாமலேயே, நேராகப் பின்னால் போய்விடுகிறது. உண்மையில் விமானத்தைத் தள்ளுவதில் பெரும்பங்கு இந்த எரியாத காற்றுடையது.

ஏன் இப்படி? ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். 1 கிலோ காற்றை வினாடிக்கு 100 மீட்டர் வேகத்தில் தள்ளினாலும், 10 கிலோ காற்றை 10 மீட்டர் வேகத்தில் தள்ளினாலும் கிடைக்கும் உந்துதல் ஒன்றுதான். ஆனால் முதலாவதற்கு ஆகும் ஆற்றல் 5,000 ஜூல், இரண்டாவதற்கு 500 ஜூல்தான். நிறையக் காற்றை நிதானமாகத் தள்ளுவது சிக்கனம், சத்தமும் குறைவு. ஏர் இந்தியாவின் முதல் 707களில் இருந்த ரோல்ஸ்ராய்ஸ் கான்வே எஞ்சினில் சுற்றிப்போகும் காற்று, உள்ளே போகும் காற்றில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். போயிங் 777-300ஈஆர் விமானத்தின் ஜிஈ90 எஞ்சினில் அது ஏறத்தாழ 9 மடங்கு. ஏர்பஸ் ஏ320 நியோ விமானங்களில் வரும் எஞ்சின்களில் 11, 12 மடங்கு.

அந்த ஜிஈ90 எஞ்சினைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வளைகுடா நாடுகளுக்குப் பறக்கும் நம் மக்கள் பலர் ஏறுகின்ற 777-300ஈஆர் விமானம் ஒவ்வொன்றிலும் இந்த எஞ்சின் இரண்டு. விசிறியின் விட்டம் 3.25 மீட்டர். அதாவது நடுத்தர விமானமான போயிங் 737இன் பயணிகள் அறையின் அகலத்தை நெருங்குகிறது. 22 பிளேடுகள், கார்பன் இழைகளால் ஆனவை. ஓர் எஞ்சின் தரும் உந்துதல் 1,15,300 பவுண்டு, அதாவது 52 டன் எடையைத் தாங்கிப் பிடிக்கும் விசை. ஒரு எஞ்சின் நின்றுபோனாலும், பயணிகளையும் சுமைகளையும் வைத்துக்கொண்டே மற்றொன்று விமானத்தை மேலேற்றிச் சென்றாக வேண்டும் என்பது சட்டம். அதனால்தான் இரட்டை எஞ்சின் விமானத்துக்கு இத்தனை பெரிய எஞ்சின்.

நமக்கு மிகவும் வியப்பளித்தது விசிறியின்று, உள்ளே கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் டர்பைன் பிளேடுதான். கை விரல் நீளமுள்ள உலோகத் துண்டு. எரியும் அறையிலிருந்து வரும் வாயுவின் வெப்பம் 1,500 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அந்தப் பிளேடு செய்யப்பட்ட நிக்கல் கலவையோ அதற்குக் குறைந்த வெப்பத்திலேயே உருகக் கூடியது. உருக வேண்டிய இடத்தில் உருகாமல், நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றிக்கொண்டு, பல டன் இழுவிசையைத் தாங்கி நிற்கிறது. எப்படி? பிளேடுக்குள் மெல்லிய குழாய் வழிகள் ஓடுகின்றன. அவற்றின் வழியே காற்று வந்து, மேல்பரப்பிலுள்ள நுண்ணிய துளைகளில் கசிந்து, பிளேடின் மேல் ஒரு போர்வைபோல் படிகிறது. அந்தக் 'குளிர்ந்த' காற்றே சில நூறு டிகிரி சூடு என்பது வேறு விஷயம். மேலே பீங்கான் பூச்சு ஒன்றும் உண்டு. பிளேடு முழுவதையும் ஒரே படிகமாக வார்க்கிறார்கள். சாதாரண உலோகத்துக்குள் சர்க்கரைக் கட்டிபோல் பல மணிகள் ஒட்டியிருக்கும், சூட்டில் அந்த ஒட்டு வாய்தான் முதலில் விரியும். ஒரே படிகமாக இருந்தால் விரிய ஒட்டு வாயே இல்லை.

இந்தத் தொழில்நுட்பம் கைவந்த நாடுகள் உலகில் விரல்விட்டு எண்ணக் கூடியவை. தேஜஸ் போர் விமானத்துக்காகப் பெங்களூரில் உருவாக்கப்பட்ட நம் நாட்டின் காவேரி எஞ்சின் தேவையான உந்துதலை எட்டாததால், 2008இல் அத்திட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. குரோம்பேட்டை எம்.ஐ.டி. கல்லூரியில் நிறுத்தி வைத்திருந்த இரண்டு பழைய விமானங்களைப் பார்த்துப் பார்த்துத்தான் மர்ஹூம் அப்துல் கலாம் விமானப் பொறியியலைத் தேர்ந்தெடுத்தார். நம் வீட்டுப் பிள்ளைகளில் ஒருவர் உலோகவியல் படிக்கப் போகிறேன் என்றால், "அதுல என்ன வேலை கிடைக்கும்?" என்று உடனே தடுத்துவிடாதீர்கள்.

எஞ்சின் நின்றுவிட்டால்?

ஓர் எஞ்சின் வகை சேவைக்கு வருமுன் அதற்கு நடக்கும் சோதனைகள் கடுமையானவை. இறந்த பறவைகளை அதற்குள் வீசுகிறார்கள். தண்ணீரையும் ஆலங்கட்டியையும் கொட்டுகிறார்கள். முழு வேகத்தில் சுழலும்போது ஒரு விசிறிப் பிளேடை வேண்டுமென்றே வெடி வைத்துப் பிய்த்து, அது கூட்டை உடைத்துக்கொண்டு வெளியே பாயாமல் நிற்கிறதா என்று பார்க்கிறார்கள். கனமழையிலும் குலுக்கலிலும் தீ அணைந்துவிடாமலிருக்க, எரியூட்டும் பொறியை விமானிகள் தொடர்ந்து இயக்கி வைப்பதும் உண்டு.

எல்லா எஞ்சினும் நின்றாலும் விமானம் கல்போல் விழாது, சறுக்கி இறங்கும். 1982 ஜூன் 24 அன்று, லண்டனிலிருந்து பம்பாய், சென்னை, கோலாலம்பூர் வழியாக ஆஸ்திரேலியா போய்க்கொண்டிருந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747 ஒன்று, இந்தோனேசியாவின் கலுங்குங் எரிமலைச் சாம்பலுக்குள் இரவில் தெரியாமல் நுழைந்தது. நான்கு எஞ்சின்களும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. 37,000 அடியிலிருந்து சறுக்கியபடியே இறங்கி, சாம்பலை விட்டு வெளியே வந்ததும் எஞ்சின்கள் மீண்டும் உயிர்பெற்றன. சாம்பல் உராய்ந்து முன்கண்ணாடி மங்கிப்போன நிலையில் ஜகார்த்தாவில் இறக்கினார்கள். 263 பேரில் ஒருவருக்கும் ஆபத்தில்லை. பெரிய ஜெட் விமானம் ஒரு கிலோமீட்டர் உயரம் இழப்பதற்குள் ஏறத்தாழ 15 கிலோமீட்டர் முன்னே போய்விடும். நம் ஊருக்கு மேலே 11 கிலோமீட்டர் உயரத்தில் எஞ்சின்கள் நின்றாலும், காற்று எதிர்க்காவிட்டால், மீனம்பாக்கம் வரை சறுக்கிப் போகும் தூரம் கையில் இருக்கிறது.

அகமதாபாத் விபத்து இன்னும் பலர் மனத்தில் இருக்கும். 2025 ஜூன் 12 அன்று நடந்த அது காற்றுக் குலுக்கலால் நேர்ந்ததன்று. தரையை விட்டு எழும்பிய சில வினாடிகளில் எரிபொருள் சுவிட்சுகள் நிறுத்தும் நிலைக்குப் போனதால் இரு எஞ்சின்களும் விசையிழந்தன என்கிறது முதற்கட்ட அறிக்கை. சறுக்குவதற்கு உயரம் என்ற கையிருப்பே அப்போது அவர்களிடம் இல்லை.

குலுக்கல் எங்கிருந்து வருகிறது?

இனி அந்த அம்மாவின் கேள்விக்கு வருவோம். வானத்தில் பள்ளம் கிடையாது. காற்று இல்லாத வெற்றிடம் எதுவும் வழியில் இல்லை. காற்று எல்லா இடத்திலும் இருக்கிறது, சில இடங்களில் மேலும் கீழுமாக ஓடுகிறது, அவ்வளவுதான். ஆற்றில் படகு போகும்போது சுழலும் அலையும் வருவதில்லையா, அதுபோல. கீழ்நோக்கி ஓடும் காற்றுக்குள் விமானம் நுழையும்போது வயிற்றைப் பிசைவது போன்ற ஓர் உணர்வு வரும். அதைத்தான் நம்மவர்கள் பள்ளம் என்கிறார்கள்.

சூடேறிய தரையிலிருந்து எழும் காற்று ஒரு காரணம். சித்திரை, வைகாசிப் பிற்பகலில் சென்னையில் இறங்கும் விமானம் கடைசிப் பத்து நிமிடம் ஆடுவது பெரும்பாலும் இதனால்தான். மலை இன்னொரு காரணம். நம் அண்ணாமலையின் உச்சியில் சில காலைகளில் மேகம் தொப்பிபோல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். காற்று மலையில் மோதி மேலேறிப் போவதைக் காட்டும் அடையாளம் அது. 2,668 அடி மலைக்கே இப்படியென்றால், இமயமலையைக் கடக்கும் காற்று எத்தனை உயரத்துக்கு அலையடிக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

மிகவும் அஞ்சத்தக்கது இடிமேகம். நம் வெப்பமண்டலத்தில் அதன் தலை 15 கிலோமீட்டரையும் தாண்டி வளரும். பயணிகள் விமானம் பறப்பது 10 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில். ஆகவே அதற்கு மேலேறித் தப்பிக்க முடியாது, சுற்றித்தான் போக வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சென்னைக்கு வரும் விமானங்கள் வங்கக் கடலுக்கு மேல் வளைந்து வளைந்து வருவதும், தாமதமாவதும் இதனால்தான். 'விமானம் லேட்' என்று நிலையத்தில் எரிச்சல்படுகிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

மேகமே இல்லாத தெளிந்த வானத்திலும் குலுக்கல் வரும். மிக உயரத்தில் ஆறுபோல் ஓடும் அதிவேகக் காற்றோட்டங்கள் இருக்கின்றன. வேகமாக ஓடும் காற்றும் மெதுவான காற்றும் உரசும் ஓரங்களில் சுழல்கள் உண்டாகும். தென்னிந்தியாவுக்கு மேலேயே தென்மேற்குப் பருவக் காலத்தில் கிழக்கிலிருந்து மேற்காக ஓடும் ஒரு காற்றோட்டம் உண்டு. இதை 1950களில் உலகுக்குக் காட்டியவர் கோட்டீஸ்வரம் என்ற இந்திய வானிலை அறிஞர். வானிலை ரேடார் மழைத்துளிகளைத்தான் காணும், துளியில்லாத வெறுங்காற்றைக் காணாது. அதனால் இவ்வகைக் குலுக்கல் முன்னறிவிப்பின்றி வரும். பூமி சூடாவதால் இது கூடுகிறது என்பதும் உண்மை. வட அட்லாண்டிக் வான்பாதையில் கடுமையான தெளிவானக் குலுக்கலின் நேரம் 1979க்கும் 2020க்கும் இடையில் 55 விழுக்காடு அதிகரித்திருப்பதாகப் பிரிட்டனின் ரெடிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் கணக்கிட்டார்கள்.

விமானம் தாங்குமா?

தாங்கும். தென்னை மரம் புயலில் வளைவதால் நிற்கிறது, வளையாத விளக்குக் கம்பம் முறிகிறது. இறக்கை வளையும்படிதான் கட்டப்படுகிறது. ஜன்னலோரம் உட்கார்ந்து இறக்கை நுனி மேலும் கீழும் ஆடுவதையும், எஞ்சின் லேசாக அசைவதையும் பார்த்துப் பதறுகிறவர்கள் உண்டு. அசையாமல் விறைத்து நின்றால்தான் பதற வேண்டும். பெரிய விமானத்தின் உடல், புவியீர்ப்பைப் போல் இரண்டரை மடங்கு சுமையைச் சேதமின்றித் தாங்க வேண்டும், அதன்மேல் இன்னும் பாதி கூடினாலும் உடையக் கூடாது என்பது விதி. 1995 ஜனவரியில் போயிங் நிறுவனம் ஒரு 777இன் இறக்கைகளைக் கொட்டகைக்குள் கட்டி, உடையும் வரை மேல்நோக்கி வளைத்துப் பார்த்தது. நுனி 20 அடிக்கு மேல் உயர்ந்து, பயணத்தில் எதிர்பார்க்கப்படும் உச்சச் சுமையின் 154 விழுக்காட்டில்தான் உடைந்தது.

குலுக்கல் தொடங்கியதும் விமானி வேகத்தைக் குறிப்பிட்ட அளவுக்குக் குறைக்கிறார். வேகத்தடையைக் கார் எந்த வேகத்தில் கடக்கிறதோ அதைப் பொறுத்துத்தானே அடி? ஆனால் மிகவும் குறைத்துவிட்டால் இறக்கை விமானத்தைத் தூக்கும் சக்தியை இழக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வேகம் ஒவ்வொரு விமானத்துக்கும் உண்டு. முன்னால் போன விமானங்கள் "இந்த உயரத்தில் குலுங்குகிறது" என்று சொல்வதைக் கேட்டு உயரத்தை மாற்றிக் கேட்பார்கள். போயிங் 787 போன்ற புதிய விமானங்களில் உணர்கருவிகள் காற்று வீச்சை உணர்ந்து, மனிதக் கை அசையும் முன்பே இறக்கையின் மடல்களைத் தாமாக அசைத்து அதிர்வைக் குறைக்கின்றன.

பெரிய விமானம் குறைவாகக் குலுங்குவதற்கு வெறும் எடை மட்டும் காரணமன்று. எடைக்கு இறக்கைப் பரப்பு எவ்வளவு என்பதே கணக்கு. தூத்துக்குடிக்குப் போகும் ஏடிஆர் 72 விமானம் முழுச் சுமையில் ஒரு சதுர மீட்டர் இறக்கைக்குச் சுமார் 375 கிலோ சுமக்கிறது. 777-300ஈஆர் சுமப்பது சுமார் 800 கிலோ. இலேசாகச் சுமக்கும் இறக்கையைக் காற்று எளிதாகத் தூக்கிப் போடும். ஏடிஆர் மேகங்களின் உயரத்திலேயே பறப்பதும் சேர்ந்துகொள்கிறது.

அப்படியானால் ஆபத்து யாருக்கு? உள்ளே பெல்ட் போடாமல் இருப்பவருக்கு. 2024 மே 21 அன்று லண்டனிலிருந்து சிங்கப்பூர் சென்ற சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 777 விமானம் மியான்மருக்கு மேல் 37,000 அடியில் குலுங்கியது. காலை உணவு நேரம். விசாரணையின் முதற்கட்ட அறிக்கைப்படி, 4.6 வினாடியில் விமானம் இறங்கிய உயரம் 178 அடி. நம் ஊர் ராஜகோபுரம் 217 அடி, அந்த உயரம்கூட இல்லை. ஆனால் 0.6 வினாடிக்குள் உள்ளிருந்தவர்களின் உடல் மேல்நோக்கித் தூக்கி எறியப்பட்டது. பெல்ட் போடாதவர்கள் கூரையில் மோதினார்கள். அடுத்த நான்கு வினாடிக்குள் விசை திசை மாற, கீழே விழுந்தார்கள். 73 வயதான ஒரு பயணி உயிரிழந்தார், பலருக்குத் தலையிலும் முதுகெலும்பிலும் காயம். விமானமோ பாங்காக்கில் பத்திரமாக இறங்கியது. 2022 மே 1 அன்று மும்பையிலிருந்து துர்காபூர் சென்ற ஸ்பைஸ்ஜெட் விமானத்திலும் இப்படித்தான் பலர் காயமடைந்தனர்.

நாம் செய்த தவறு

இதை எழுதத் தயக்கமாக இருக்கிறது, ஆனால் எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரைக்கே பொருளில்லை. சில ஆண்டுகளுக்கு முன் உம்ரா முடித்து ஒரு குழுவோடு திரும்பிக்கொண்டிருந்தோம். அரபிக் கடலுக்கு மேல் சீட் பெல்ட் விளக்கு எரிந்தது. ஃபஜ்ரு நேரம் முடியப் போகிறது. "வக்து போகுது பாய், ஒளூ செஞ்சுட்டு வந்துருங்க" என்று பக்கத்து இருக்கைப் பெரியவரை எழுப்பிவிட்டது நாம்தான். கழிப்பறை வாசல் வரைதான் போனார். ஒரு குலுக்கல். இருக்கையின் கைப்பிடியில் விழுந்து விலா எலும்பு விரிந்தது. ஊர் வந்து ஒன்றரை மாதம் படுத்திருந்தார். பார்க்கப் போனபோதெல்லாம் "உங்க மேல என்ன தப்பு ஹஜ்ரத்" என்றுதான் சொன்னார். நமக்குத்தான் தாங்கவில்லை.

கப்பலில் தலைசுற்றலுக்கோ கடலில் விழுவதற்கோ அஞ்சுபவர் உட்கார்ந்து தொழலாம் என்று ஃபிக்ஹு நூல்களில் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறார்கள். மதரஸாவில் அதை ஓதியவர்தான் நாம். கப்பல் என்று படித்தது விமானத்தில் நினைவுக்கு வரவில்லை. விளக்கு எரியும்போது வக்து மீதமிருந்தால் காத்திருங்கள். முடியும் நிலையென்றால் பெல்ட்டோடு இருக்கையிலேயே தொழுதுகொள்ளுங்கள். பின்னர் திரும்பத் தொழ வேண்டுமா என்பதில் மத்ஹபுகளுக்கிடையே விவரங்கள் உண்டு, புறப்படும் முன்பே உங்கள் ஆலிமிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒளூவுடனேயே விமானம் ஏறுவது நல்லது. ஜித்தாவுக்கு நேராகப் போகிறவர்கள் இஹ்ராம் துணியை வீட்டிலோ விமான நிலையத்திலோ அணிந்து ஏறிவிட்டால், மீகாத் நெருங்கும்போது கழிப்பறை வாசலில் முட்டிமோத வேண்டியதில்லை. அந்த இடத்தில் நிய்யத்தும் தல்பியாவும் இருக்கையிலேயே செய்யலாம். இஹ்ராமின் மேல் சீட் பெல்ட் கட்டலாமா என்று சிலர் கேட்கிறார்கள். தாராளமாகக் கட்டலாம்.

விளக்கு அணைந்திருந்தாலும், உட்கார்ந்திருக்கும் நேரம் முழுவதும் பெல்ட் இடுப்பில் இருக்கட்டும். தூங்கும்போது போர்வைக்கு மேல் தெரியும்படி கட்டிக்கொண்டால் பணிப்பெண்கள் எழுப்பித் தொந்தரவு செய்ய மாட்டார்கள். வயிற்றின் மேல் கட்ட வேண்டாம், தொடை தொடங்கும் இடத்தில் தாழ்வாக, இறுக்கமாகக் கட்ட வேண்டும். கர்ப்பிணிகள் இதில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். மடியில் இருக்கும் கைக்குழந்தையைத் தாயின் பெல்ட்டுக்குள்ளேயே சேர்த்துக் கட்டக் கூடாது. அதற்கென்று தனி இணைப்பு பெல்ட் தருவார்கள், கேட்டு வாங்குங்கள். மேல் பெட்டியில் கனமான பொருளைத் திணித்து வைத்து, நடுவழியில் எழுந்து அதைத் திறந்து தேடுவதை விட்டுவிடுங்கள். மயக்கமும் பயமும் உள்ளவர்களுக்கு இறக்கைப் பகுதி இருக்கை கேட்டு வாங்கலாம், வாலை விட அங்கே ஆட்டம் குறைவு.

அந்த அம்மாவுக்கு இவ்வளவும் சொல்லவில்லை. பள்ளம் இல்லை, காற்றுதான், பெல்ட் போட்டால் போதும் என்ற அளவுக்குச் சொன்னோம். கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, "பெல்ட்டப் போட்டுட்டா அவுக்கத் தெரியாதே ஹஜ்ரத், எங்க வூட்டு கார்லயே பேரன்தான் அவுத்து வுடுவான்" என்றார். காரில் பொத்தானை அமுக்க வேண்டும், விமானத்தில் கொக்கியின் மேலுள்ள உலோகத் தகட்டை விரலால் மேலே தூக்கினால் போதும், கழன்றுவிடும். மதரஸா பிள்ளை ஒருவனின் இடுப்பு வாரை வாங்கி, கையால் தூக்குவதுபோல் நாலைந்து முறை செய்து காட்டினோம். அவரும் செய்து பார்த்தார்.